பொதியும் களஞ்சியமும்

இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழா மேடையில் கணிப்பொறியைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றேன்.

சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய 'பாஸ்' என்னும் கட்டற்ற இயங்குதளம் 2007ஆம் ஆண்டு வெளிவந்தது. 1993இல் தோன்றிய டெபியனே அதற்கு அடிப்படை. தமிழக அரசு 2011 முதல் மாணவர்க்கு வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றிலும் அஃது இடம்பெற்றது.

இதில் மென்பொருள்கள் பொதிகளாகக் கட்டப்பெற்றுப் பொதுக் களஞ்சியத்தில் வைக்கப்பெறும். ஒரு பொதியைக் கேட்டால், அது சார்ந்து நிற்கும் ஏனைய பொதிகளையும் கணிப்பொறியே தேடிக் கொணர்ந்து நிறுவும். பொதி உரிய இடத்திலிருந்து வந்ததா என்பதையும் சரிபார்க்கும். விலை ஏதுமில்லை.

பொதி, களஞ்சியம், சார்பு ஆகிய மூன்றும் நம் சொற்கள். பொதிமாடும் நெற்களஞ்சியமும் அறிந்த அலங்காநல்லூருக்கு இவற்றை விளக்க உரையாசிரியர் வேண்டா. ஆயினும், சார்புப் பொதி கிடைக்கவில்லை என்னும் அறிவிப்பு ஆங்கிலத்தில் தோன்றுமாயின், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த மாணவி அஞ்சி அதனை மூடிவிடுவாள். கையிலிருக்கும் கருவி அவளுக்குப் பயன்படாமற் போகும்.

கட்டற்ற மென்பொருளின் அறிவிப்புகளை எவரும் மொழிபெயர்த்து அளிக்கலாம். தன்னார்வலர் சிலர் ஊதியமின்றி அப்பணியைச் செய்து வருகின்றனர். பிழையற்ற, எளிய தமிழ் அவர்களுக்குத் துணையாக வேண்டும். திங்களுக்கு ஒரு மாலையை இவ்வட்டம் அதற்கென ஒதுக்குமாறு வேண்டி அமைகின்றேன்.