அண்ணாவியார் வீட்டுப் பெட்டகம்



இந்தத் தொடரில் எனக்கு முன்னர் பேசிய அன்பர்கள் பலர் தாம் கற்ற நூல்களைப் பற்றியும், தம்மை உருவாக்கிய எழுத்தாளர்களைப் பற்றியும் கூறினார்கள். நான் ஒரு நடிகன். ஆசிரியத் தொழில் பார்த்துக்கொண்டே மேடையிலும் வானொலியிலும் நாற்பது வருடங்களுக்கு மேல் நடித்தவன். இலக்கியம் எனக்குக் கண்வழியாக வந்ததைவிடக் காதுவழியாக வந்ததே அதிகம். அது வந்த இடம், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் உள்ள எங்கள் ஊரில் மூன்று தலைமுறையாகக் கூத்துப் பழக்கிய ஓர் அண்ணாவியார் குடும்பம். அவர்களுடைய பெயர்களை நான் சொல்லப் போவதில்லை. காரணத்தைப் பின்னர் சொல்கிறேன்.

வெளியூர் நேயர்களுக்காக ஒரு விளக்கம். அண்ணாவியார் என்பவர் மத்தளம் அடிப்பவர் மட்டுமல்லர். கூத்துக்கு ஆள் தெரிபவர் அவர். ஆட்டமும் பாட்டும் பழக்குபவர் அவர். கூத்துக் கொப்பியை வைத்திருப்பவரும் அவரே. நல்ல நாள் பார்த்து ஒவ்வொரு கூத்தருக்கும் அவரவர் பாட்டுகளை எழுதிக் கொடுப்பதைச் சட்டம் கொடுத்தல் என்போம். பின்னர் மாதக்கணக்கில் இரவுப் பயிற்சி. இடையில் சதங்கை அணிதல். எல்லாம் கூடிவந்ததும் அடுக்குப் பார்த்தல். அதன் பிறகுதான் விடிய விடிய அரங்கேற்றம். அத்தனை காலமும் ஊர் இளைஞர்கள் இருபது முப்பது பேர் அண்ணாவியார் வளவில்தான் இருப்பார்கள். அவர்களுக்குத் தேயிலை ஊற்றுவதும் மரவள்ளிக்கிழங்கு அவிப்பதும் யார் என்று கூத்தைப் பற்றி எழுதுகிற நமது ஆராய்ச்சியாளர்கள் அதிகம் கேட்பதில்லை.

அண்ணாவியாரின் மனைவியும் என் தாயாரும் ஒரே குடியைச் சேர்ந்தவர்கள். மட்டக்களப்பில் குடி தாய்வழியாக வருவது. ஆகவே இருவரும் சகோதரி முறை. எனக்கு அந்த அம்மா பெரியம்மா, அண்ணாவியார் பெரியப்பா, அவர்களுடைய மகள் அக்கா, மகன் அண்ணன். எங்கள் அப்பாவுக்குக் கூத்தில் பெரிய ஈடுபாடு இருந்ததாகச் சொல்ல மாட்டேன். நித்திரை கெடுகிறது என்று முணுமுணுப்பார். ஆனால் எங்களிடம் இருந்த இரண்டு பெற்றோமாக்ஸ் லாம்புகளில் ஒன்று பயிற்சிக் காலம் முழுவதும் அண்ணாவியார் வளவில்தான் எரியும். பெரும்போக அறுவடை முடிந்ததும் இரண்டு மூடை நெல் அந்த வீட்டுக்குப் போகும். அதற்கு யாரும் நன்றி சொன்னதை நான் கேட்டதில்லை. கணக்கு வைத்ததையும் கண்டதில்லை.

பதினைந்து வயதில் எனக்குச் சட்டம் கிடைத்தது. கர்ணன் போர், வடமோடி. எனக்குப் பொன்னுருவி வேடம். அந்நாளில் பெண் வேடமும் ஆண்பிள்ளைகளுக்குத்தான். பெண்கள் களரிக்குள் வருவதில்லை. அக்கா அப்போது திண்ணையில் இருந்து பன்பாய் இழைப்பாள். தலை நிமிர்வதில்லை. ஒருநாள் பொன்னுருவி கர்ணனைப் போருக்குப் போகாமல் தடுக்கும் இடத்தில் எனக்கு அடி மறந்துபோயிற்று. பெரியப்பா மத்தளத்தில் இருந்து கையை எடுத்தார். மத்தளம் நின்றால் எங்களுக்கு மூச்சு நிற்கும். திண்ணையில் இருந்து அக்கா, பாயைப் பார்த்தபடியே, அடுத்த அடியின் முதற்சொல்லை மட்டும் சொன்னாள். பெரியப்பா மகள் பக்கம் திரும்பவில்லை. என்னைப் பார்த்து, “கேட்டதா மனே? பாடு” என்றார். அவர் அவளுக்குக் கொடுத்த பட்டம் அவ்வளவுதான்.

அந்தப் பயிற்சி தொடங்குவதற்கு முந்திய வருடம்தான், அதாவது 1962 இல், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கர்ணன் போரை மேடையேற்றியிருந்தார். வந்தாறுமூலை அண்ணாவியார் செல்லையா அங்கு சென்று மாணவர்களைப் பழக்கினார் என்ற செய்தி வாவியைத் தாண்டி எங்களூருக்கும் வந்தது. இரவு முழுவதும் ஆடும் கூத்தை மின்சார வெளிச்சத்தில் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் சுருக்கி ஆடுகிறார்களாம் என்று ஊரில் சிலர் சிரித்தார்கள். பெரியப்பா சிரிக்கவில்லை. “சுருக்கினவனுக்கு முழுசும் தெரிஞ்சிருக்கணும்” என்றார். 1956 இல் சரச்சந்திரவின் மனமே நாடகத்துக்குப் பின்னால் சாள்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சே என்ற நாடகம் பழக்கும் பரம்பரைக் கலைஞர் நின்றதைப் போல, பேராதனைக் கூத்துகளுக்குப் பின்னால் எங்கள் அண்ணாவிமார் நின்றார்கள். பேராசிரியர் அதை மறைக்காமல் சொன்னார் என்பது அவருடைய பெருமை.

இனி, அந்தக் குடும்பத்துக்குள் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். மட்டக்களப்பு வழக்கப்படி வீடு வளவு பெண் பிள்ளைக்குச் சீதனமாகப் போகும். ஆண் பிள்ளை கல்யாணம் முடித்துப் பெண் வீட்டுக்குப் போவான். அண்ணன் எழுவான்கரையில் முடித்தார். பாதையில் ஏறி அக்கரைக்குப் போனபோது அவர் கையில் ஒரு மத்தளம் இருந்தது. (பாதை என்றால் இங்கே தெரு அல்ல, வாவியில் ஆளையும் வண்டியையும் ஏற்றிச் செல்லும் மிதவைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர்.) கூத்துக் கொப்பிகள் வைத்த பெட்டகத்தை அவர் கேட்டபோது பெரியம்மா சொன்ன தீர்ப்பு எனக்கு ஞாபகம் இருக்கிறது: “பெட்டகம் வீட்டோட. மத்தளம் ஆளோட.”

பெரியப்பா இருந்தவரை இது ஒரு பிரச்சினையாகத் தெரியவில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் அவர் காலமானபின் அண்ணன்தான் அண்ணாவியார். ஒவ்வொரு கூத்துக்கும் அவர் பாதையில் வந்து, திண்ணையில் இருந்து, அக்கா எடுத்துக் கொடுக்கிற கொப்பியைப் பார்த்து எழுதிக்கொண்டு போக வேண்டும். அக்கரையில் அவருக்கு மாலை போட்டார்கள், வேட்டி சால்வை வைத்து மரியாதை செய்தார்கள். இங்கே அவர் கொப்பிக்குக் காத்திருக்கும் ஆள். ஒருமுறை எல்லாக் கொப்பிகளையும் தன்னிடம் தந்துவிடும்படி கேட்டார். அக்கா மறுத்தாள். இரண்டு வருடம் இருவருக்கும் பேச்சில்லை. என் தாயார்தான் இடையில். அம்மா அக்கரைக்குச் சந்தைக்குப் போகிற சாட்டில் அண்ணன் வீட்டுக்குப் போவா. வந்து, கேட்காமலே அக்காவிடம் அவருடைய பிள்ளைகளின் சுகம் சொல்லுவா. கொப்பியைப் பற்றி இரண்டு பக்கமும் வாய் திறக்கமாட்டா. அவவின் வழி அது.

1978 நவம்பர் 23 ஆம் திகதி இரவு சூறாவளி வந்தது. அந்த இரவை அனுபவித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. விடிந்து பார்த்தபோது ஊருக்கு அடையாளமாக இருந்த தென்னைகள் இல்லை, திசை தெரியவில்லை. அண்ணாவியார் வீட்டின் கூரை பறந்து, மண்சுவர் சரிந்து பெட்டகத்தின் மேல் விழுந்திருந்தது. மூடி உடைந்து மழைத்தண்ணீர் நிறைந்திருந்தது. கொப்பிகள் எல்லாம் மைக்கூட்டு மையில் எழுதியவை. எடுத்தபோது தாள் இருந்தது, எழுத்து இல்லை. நீலத் தண்ணீராக வழிந்தது. ஓரிரண்டு பழைய ஏடுகள் தப்பின. அவை வேறு கதைகள். கர்ணன் போர் போய்விட்டது.

சில நாட்களில் அண்ணன் வள்ளத்தில் வந்து சேர்ந்தார். பாதை ஓடவில்லை. வளவுக்குள் வந்து, இடிந்த சுவரையும் காயப்போட்டிருந்த வெறும் தாள்களையும் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு வருடத்துக்குப் பிறகு தங்கையிடம் அவர் கேட்ட முதற்கேள்வி, “என்ன மிச்சம்?” என்பது.

“நான் மிச்சம்” என்றாள் அக்கா.

எங்கள் வீட்டில் பாதிக் கூரைக்கு ஓடு தப்பியிருந்தது. அங்கேதான் இருந்து எழுதினோம். அக்கா பாடினாள், நான் எழுதினேன், அண்ணன் ஒரு பலகையில் தாளம் போட்டார். பாடசாலை மூடிக்கிடந்தது, பகலில் கூரை வேய்வதும் கிணறு இறைப்பதும், இரவில் இது. முதல் இரவு ஒன்றும் வரவில்லை. அடிகளைச் சொல் என்றால் அக்காவுக்குச் சொல்ல வராது, பாட்டாகத்தான் வரும். பாட்டும் நான்கு அடியில் அறுந்தது. கைகள் சும்மா இருக்க மாட்டாமல் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள். அம்மா பார்த்தா. அடுத்த நாள் எங்கிருந்தோ ஒரு கட்டுப் பன் கொண்டுவந்து முன்னால் போட்டா. அக்கா பாய் இழைக்கத் தொடங்கினாள்; பாட்டு வந்தது. பதினொரு இரவில் ஐந்து அப்பியாசக் கொப்பிகள் நிறைந்தன. பாய் இரண்டு முடிந்தன.

அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. கூத்தனுக்குத் தன் பாட்டுத்தான் தெரியும். நான் பொன்னுருவியை நன்றாகப் பாடுவேன். சல்லியன் என்ன சொன்னான் என்று கேட்டால் முழிப்பேன். அண்ணனுக்குத் தாளக்கட்டும் வரவும் ஆட்டமும் கைப்பழக்கம். கட்டியகாரன் முதல் கடைசி வாழிப்பாட்டு வரை எல்லார் வாயிலும் வருகிற எல்லாமும் அவருக்குத் தெரியாது, ஏனென்றால் அதற்குக் கொப்பி இருந்தது. கொப்பியைப் பார்க்கத் தேவையில்லாமல், எந்த வேடமும் தன் வேடமாக இல்லாமல், முழுக்கூத்தையும் வருடக்கணக்காகத் திண்ணையில் இருந்து கேட்டவள் அக்கா ஒருத்திதான். பரம்பரை என்று நாங்கள் தகப்பன், மகன், பேரன் என்று வரிசை சொல்கிறோம். அந்த வரிசையில் அவளுக்கு இடம் இல்லை. 1978 இல் அந்த வரிசை முழுவதும் அவளுடைய தொண்டையில்தான் இருந்தது.

ஓரிடத்தில் இருவரும் முட்டிக்கொண்டார்கள். பொன்னுருவி தடுக்கும் பாட்டுக்கு அண்ணன் ஒரு மெட்டுச் சொன்னார். அக்கா வேறொன்று பாடினாள். நான் பழகியது அண்ணன் சொன்ன மெட்டு. அது பெரியப்பா பிற்காலத்தில் மாற்றியது, முந்தியது மூத்தப்பா பாடியது என்றாள் அக்கா. மெட்டை எழுத எனக்குத் தெரியாது. ஆகவே பக்கத்தை இரண்டாகப் பிரித்து, எந்த எந்தச் சொல்லில் நீட்டுவது என்று இரண்டு விதமாகவும் கோடு போட்டு வைத்தேன்.

கடைசி இரவு முதற்பக்கம் எழுத வேண்டியிருந்தது. கூத்துக் கொப்பியின் முகப்பில் அண்ணாவியார் பெயர் எழுதுவது வழக்கம். அண்ணன் தன் பாட்டன் பெயர், தகப்பன் பெயர், தன் பெயர் சொன்னார். எழுதினேன். அம்மா கதவடியில் இருந்து, “பாடினவள்ற பேரு எங்க மகன்?” என்று கேட்டா. அண்ணன் நல்ல மனிதர். அன்று அவர் குரலில் அகங்காரம் இருக்கவில்லை, தடுமாற்றந்தான் இருந்தது. “கூத்துக் கொப்பியில பொம்பிளப் பேரு எழுதின வழக்கம் இல்லையே சின்னம்மா” என்றார். அம்மா அக்காவைப் பார்த்தா. அக்கா பாயின் ஓரத்தை முடிந்துகொண்டிருந்தாள். “எழுத வேணாம். கொப்பி பெட்டகத்தில இருக்கட்டும்” என்றாள். அண்ணன் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார். அந்த வருடத்தில் இருந்து அவர் தங்கையைத் தேடி வந்து கேட்டுத்தான் கூத்துப் பழக்கினார்.

1990 ஆம் ஆண்டிலும், பின்னர் 2007 ஆம் ஆண்டிலும் ஊர் எழும்பி ஓடியது. ஐந்து கொப்பிகளில் மூன்று இப்போது மிச்சம். அவற்றைப் பார்த்து எழுதிய பிரதிகள் சில ஊர்களில் இருக்கின்றன. எல்லாவற்றிலும் மூன்று ஆண்களின் பெயர். பல வருடங்களுக்கு முன்னர் இதை வானொலியில் சொல்லட்டுமா என்று அக்காவிடம் கேட்டேன். கதையைச் சொல், என் பெயரைச் சொல்லாதே என்றாள். அவள் இப்போது இல்லை. அவள் பெயரைச் சொல்லக்கூடாதென்றால் மற்ற மூவரின் பெயரையும் சொல்லுவது எனக்குச் சரியாகப் படவில்லை. இதுதான் நான் தொடக்கத்தில் சொல்வதாகச் சொன்ன காரணம்.

வீடு வழக்கப்படி மகளுக்குப் போய், இப்போது பேத்திக்கு வந்திருக்கிறது. அந்தப் பிள்ளை கல்லடியில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படித்தவள். கூத்தும் ஆடுகிறாள், மத்தளமும் அடிக்கிறாள். பெட்டகத்துக்குப் பதிலாக இரும்பு அலுமாரி. போன மாதம் தொலைபேசியில் எடுத்து, “அம்மப்பா, மூணாம் கொப்பியில ரெண்டு மெட்டுக்கும் கோடு போட்டிருக்கிறீங்க. எந்தக் கோடு யாருடையது?” என்று கேட்டாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எனக்கு அந்தப் பக்கத்தை அனுப்பச் சொன்னேன். பார்த்துத் தெரியவில்லை. தொலைபேசியிலேயே இரண்டையும் பாடிக் காட்டினேன். மேலே இருப்பது அக்காவுடையது.