அடைபட்ட காலத்தில் உடலும் உள்ளமும்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



உடற்பயிற்சியைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். "நாள் முழுக்க மூட்டை தூக்குறவனுக்கு உடற்பயிற்சி எதுக்கு ஐயா?" என்று தோழர்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அதற்கு விடை 2020-இல் நம் சிங்கப்பூரிலேயே கிடைத்தது.

அந்த ஆண்டு ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை, கொரோனா கிருமிப் பரவலை முறியடிக்க ஊரே அடைபட்டுக் கிடந்தது. ஞாயிறு தோறும் தோளோடு தோள் இடிக்கும் தேக்கா வெறிச்சோடிப் போனது. ஆனாலும் நமக்கு வீட்டருகே நடக்கவும் ஓடவும் அனுமதி இருந்தது. விடுதிகளில் தங்கியிருந்த 3 லட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டு ஊழியர்களுக்கு அதுவும் இல்லை. பொங்கோல் எஸ்11, வெஸ்ட்லைட் தோ குவான் விடுதிகள் ஏப்ரல் 5-ஆம் தேதியே தனிமைப்படுத்தப்பட்டன. அவ்விரண்டில் மட்டும் ஏறத்தாழ 20,000 பேர்.

அப்படி ஒரு விடுதியில் இருந்தார் எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர். புதுக்கோட்டைப் பக்கம், கட்டுமான வேலை. தொலைபேசியில் சொன்னார்: "சாப்பாடு வருதுண்ணே, சம்பளமும் வருது. தூக்கம்தான் வரல."

வெயிலில் கம்பி கட்டிய உடம்பு அது. திடீரென்று கட்டிலிலேயே கிடந்தால் அலுப்பு ஏது? அலுப்பில்லாவிட்டால் தூக்கம் ஏது? விழித்துக் கிடப்பவனுக்கு ஊர்க்கடனும் தாயின் நோயும் இரவில்தான் பெரிதாகத் தெரியும். உழைத்துப் பழகியவனைத்தான் சும்மா இருப்பது அதிகம் வாட்டுகிறது, தோழர்களே!

அந்தத் தம்பி இரண்டு கட்டில்களுக்கு இடையே தண்டாலும் பஸ்கியும் எடுக்கத் தொடங்கினார். தண்ணீர்ப் புட்டிகள்தான் பளு. முதல் நாள் அறையே சிரித்ததாம். பிறகு நாலு நாலு பேராக முறை வைத்துக்கொண்டார்கள். "கடன் தீரலண்ணே, ஆனா மாலை ஆறு மணின்னா ஒரு வேலை இருந்துச்சு. ராத்திரி தூங்கினோம்" என்றார்.

நெல்சன் மண்டேலாவும் இதைத்தான் செய்தார். இளமையில் குத்துச்சண்டை பழகியவர். 1964 முதல் 1982 வரை ராபன் தீவுச் சிறையில் இருந்தபோது, வாரத்தில் நான்கு நாள் காலையில் தம் சிற்றறைக்குள்ளேயே, நின்ற இடத்தில் 45 நிமிடம் வரை ஓடுவார்.

பெற்றோர்களே, பரீட்சை வந்தால் பந்தை அலமாரியில் பூட்டிவிட்டுப் பிள்ளையை அறைக்குள் உட்கார வைக்கிறோமே, அதுவும் ஓர் அடைப்புதான். பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிட உடலசைவு வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். பெரியவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். மனம் உடைந்து, பேச்சே நின்றுபோனவரிடம் "தண்டால் எடு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

2021 செப்டம்பரில்தான் விடுதி ஊழியர்கள் சிறு சிறு குழுக்களாக மறுபடி தேக்காவுக்கு வரத் தொடங்கினார்கள். இப்போது அந்தத் தம்பிக்குத் தடை எதுவும் இல்லை. இன்றைய விழாவுக்கும் அழைத்தேன். "ஆறு மணி ஆட்டம் முடிஞ்சதும் வர்றேண்ணே" என்றார். இன்னும் வந்து சேரவில்லை.