முதல் தட்டு, இரண்டாம் தட்டு



இத்தாலியச் சாப்பாடு என்றதும் நம் ஊரில் பலருக்கும் ஒரு கிண்ணம் பாஸ்தாதான் நினைவுக்கு வரும். அதிலேயே கோழித் துண்டுகள், காளான், குடைமிளகாய், மேலே உருகிய சீஸ், பக்கத்தில் பூண்டு தடவிய ரொட்டி. அத்தோடு சாப்பாடு முடிந்தது. இத்தாலியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் யார் வீட்டிலாவது விருந்துக்கு உட்கார்ந்து, வந்த பாஸ்தாவை இரண்டு முறை கேட்டு வாங்கி வயிற்றை நிரப்பிக்கொண்டால் சங்கடமாகிவிடும். ஏனென்றால் அது முதல் தட்டு. அடுத்த தட்டு இன்னும் அடுப்பில் இருக்கிறது.

அந்த வரிசையைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். இத்தாலியச் சமையலின் உயிர் சீஸிலோ தக்காளியிலோ இருப்பதைவிட அந்த வரிசையில்தான் அதிகம் இருக்கிறது என்பது என் எண்ணம். ஒரு நேரத்தில் ஒரு பண்டம், அதற்கு முழுக் கவனம், அது முடிந்து தட்டு மாறிய பிறகே அடுத்தது.

இந்த முறை ரொம்பப் பழையது என்று நினைத்துவிட வேண்டாம். ஐரோப்பியப் பிரபுக்களின் விருந்துகளில் ஒரு காலத்தில் பல வகைப் பண்டங்களை ஒரே நேரத்தில் மேசையில் பரப்பிவிடுவார்கள். ஒன்றன்பின் ஒன்றாகப் பரிமாறும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. இத்தாலி ஒரே நாடானதே 1861இல். அதற்கு 30 ஆண்டு கழித்து, 1891இல், பெல்லெக்ரீனோ அர்தூசி என்பவர் ஃப்ளாரன்ஸ் நகரில் ஒரு சமையல் புத்தகம் வெளியிட்டார். அவர் சமையல்காரர் அல்லர். பட்டு வியாபாரம் செய்து ஓய்ந்தவர். அப்போது எழுபது வயதை எட்டியிருந்தார். பதிப்பாளர் யாரும் கிடைக்காமல் சொந்தப் பணத்தில் அச்சிட்டார். முதல் பதிப்பில் 475 சமையல் குறிப்புகள். வாசகர்கள் தங்கள் ஊர்ச் சமையலைக் கடிதத்தில் எழுதி அனுப்ப அனுப்ப, புத்தகம் பருத்துக்கொண்டே போய் 790 குறிப்புகளில் வந்து நின்றது. 1911இல் அவர் இறக்கும்போது அது வீட்டுக்கு வீடு இருக்கும் புத்தகமாகிவிட்டது. இன்றும் அச்சில் இருக்கிறது.

அந்தப் புத்தகத்தின் கடைசிப் பகுதியில், மாதத்துக்கு இரண்டு விருந்து, பெரிய பண்டிகைகளுக்குத் தனியாகப் பத்து விருந்து என்று எதன்பின் எது வர வேண்டும் என்பதை அர்தூசி எழுதி வைத்திருக்கிறார். சூப், பொரித்தது, அவித்த இறைச்சி, குழம்பாக வைத்தது, சுட்டது, இனிப்பு, பழம் என்று நீண்டுகொண்டே போகும். வசதியுள்ள வீடுகளின் விருந்து அது. இப்போது இத்தாலியில் நடக்கும் விருந்து அதைச் சுருக்கிய வடிவம்: ஆன்டிபாஸ்தோ, ப்ரீமோ என்னும் முதல் தட்டு, செகோந்தோ என்னும் இரண்டாம் தட்டு, பக்கத்துணையாக கொன்தோர்னோ, முடிவில் தோல்சே என்னும் இனிப்பு, காப்பி.

இந்த வரிசையை ஒவ்வொன்றாகப் பார்க்கப் பொலோன்யா நகரத்துக்குப் போவோம். வட இத்தாலியில், எமிலியா ரொமான்யா மாநிலத்தின் தலைநகர். இத்தாலியர்களே சாப்பாட்டுக்குப் பேர்போன ஊர் என்று ஒப்புக்கொள்ளும் இடம்.

ஆன்டிபாஸ்தோ நாக்கைத் தட்டி எழுப்பும் தொடக்கம். பொலோன்யாவில் மொர்ததெல்லா என்ற பன்றி இறைச்சிப் பண்டத்தைச் சதுரமாக நறுக்கி வைப்பார்கள். பக்கத்துப் பார்மா ஊரின் ப்ரோஷூத்தோ, அதாவது உப்பிட்டு மாதக்கணக்கில் பதப்படுத்திய பன்றித் தொடை, தாள் போல மெலிதாகச் சீவி வரும். டஸ்கனியில் என்றால் சுட்ட ரொட்டியில் பூண்டு தேய்த்து ஆலிவ் எண்ணெய் ஊற்றித் தருவார்கள். எல்லாம் இரண்டு வாய்தான். இதில் அதிகம் நிற்க வேண்டியதில்லை.

நிற்க வேண்டிய இடம் ப்ரீமோ.

பொலோன்யாவின் ப்ரீமோ, தால்யதெல்லே. நூறு கிராம் கோதுமை மாவுக்கு ஒரு முட்டை, தண்ணீர் சேர்ப்பதில்லை. பிசைந்து, கொஞ்ச நேரம் ஊறவைத்து, நம் சப்பாத்திக் கட்டையைவிடப் பல மடங்கு நீளமான கட்டையால் பெரிய மேசை நிறைய ஒரே விரிப்பாகத் தேய்ப்பார்கள். பிறகு சுருட்டி, கத்தியால் நாடா நாடாவாக வெட்டுவார்கள். இதையே தொழிலாகச் செய்யும் பெண்களுக்கு ஸ்ஃபோலீனா என்று பெயர். அந்த நாடாவின் அகலம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கு ஊரில் பதிவே உண்டு. 1972இல் பொலோன்யா வணிகக் கழகத்தில் அதைப் பதிவு செய்து, தங்கத்தில் ஒரு மாதிரியும் செய்து வைத்தார்கள். வெந்த பிறகு 8 மில்லிமீட்டர். ஊர் நடுவே நிற்கும் அசினெல்லி கோபுரத்தின் உயரத்தில் 12,270இல் ஒரு பங்கு என்பதும் அந்தக் கணக்கில் உண்டு. ஊர்க் கோபுரத்தை வைத்துத் தன் உணவை அளக்கிற ஊரை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

அதன் மேல் வருவது ராகூ. இதன் செய்முறையும் 1982இல் அதே வணிகக் கழகத்தில் பதிவானது. இத்தாலியச் சமையல் அகாதெமி என்று 1953இல் தொடங்கிய அமைப்பு கொடுத்தது. வெங்காயம், கேரட், செலரி மூன்றையும் பொடியாக நறுக்கி, உப்பிட்ட பன்றி வயிற்று இறைச்சியின் கொழுப்பில் வதக்கி, கொத்திய மாட்டிறைச்சி சேர்த்து, ஒயின் விட்டு, கொஞ்சம் தக்காளி, கொஞ்சம் பால் ஊற்றி, சிறு தீயில் இரண்டு மணி நேரமாவது வேகவிட வேண்டும். தக்காளி பேருக்குத்தான். உலகம் முழுக்க ஸ்பெகட்டி போலோனேஸ் என்று விற்கிறார்களே, அந்தச் சிவப்புக் குழம்புக்கும் இதற்கும் வெகு தூரம். பொலோன்யாக்காரர்கள் ராகூவை ஸ்பெகட்டியோடு சேர்ப்பதும் இல்லை. வழவழப்பான ஸ்பெகட்டியில் அது நிற்காமல் தட்டின் அடியில் தங்கிவிடும். கையால் தேய்த்த முட்டை நாடாவின் சொரசொரப்பில் ஒட்டிக்கொள்ளும்.

கிறிஸ்துமஸ் வந்தால் அங்கே தொர்தெல்லினி. பன்றி இறைச்சி, மொர்ததெல்லா, சீஸ், சாதிக்காய் எல்லாம் சேர்ந்த பூரணத்தை விரல் நுனியளவு மாவுக்குள் வைத்து மடித்து, கோழி வேகவைத்த தெளிந்த சாற்றில் இட்டுத் தருவார்கள். குடும்பமே மேசையைச் சுற்றி உட்கார்ந்து மடிக்கும்.

ஊர் மாறினால் ப்ரீமோவும் மாறும். மிலான் பக்கம் நெல் விளையும் பூமி. அங்கே அரிசிதான் முதல் தட்டு. ரிசோத்தோ என்பார்கள். அரிசியை வெண்ணெயில் வறுத்து, சூடான சாற்றைக் கரண்டி கரண்டியாக ஊற்றிக் கிளறி, குங்குமப்பூவால் மஞ்சளாக்கி, அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு வெண்ணெயும் சீஸும் சேர்த்து அடித்துக் கலப்பார்கள். நம் வெண்பொங்கல் இன்னும் சற்று இளகி இருந்தால் எப்படியோ அந்தப் பதம். ஆனால் அரிசியின் நடுவில் ஒரு கடி மிச்சம் இருக்க வேண்டும்.

ரோமில் காச்சோ எ பெப்பே. ஆட்டுப்பால் சீஸ், மிளகு, பாஸ்தா வெந்த தண்ணீர், வேறு ஒன்றும் இல்லை. அந்த மிளகு நமக்கு அந்நியம் இல்லை. யவனர் கலங்கள் பொன்னோடு வந்து சேர நாட்டு முசிறியில் மிளகு ஏற்றிப் போனதை அகநானூறு பேசுகிறது. ரோமாபுரிக்கு மிளகுப் பழக்கம் அவ்வளவு பழையது.

ஒரு ஆளுக்குக் காய்ந்த பாஸ்தா 80 கிராமிலிருந்து 100 கிராம்வரைதான். அதை நினைவில் வைத்தால் முதல் தட்டு ஏன் முதல் தட்டு என்பது விளங்கும். பசியின் கூர்மையைத் தானியம் தணித்துவிடும். பிறகு வரும் இறைச்சி சிறிய துண்டாக இருந்தாலும் போதும். இறைச்சி அரிதாக இருந்த வீடுகளுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இருந்திருக்க முடியாது.

அடுத்தது செகோந்தோ. ஃப்ளாரன்ஸில் எலும்போடு தடிமனாக வெட்டிக் கரியடுப்பில் சுட்ட மாட்டிறைச்சி. ரோமில் இளங்கன்றின் இறைச்சியில் ப்ரோஷூத்தோவும் சேஜ் இலையும் வைத்து வதக்கியது. கடலோர ஊர்களில் மீன். இறைச்சி உண்ணாதவர்களுக்கும் வழி இருக்கிறது: கத்தரிக்காயைப் பொரித்து, தக்காளிச் சாறும் சீஸும் அடுக்கடுக்காக வைத்துச் சுட்டெடுக்கும் பார்மிஜானா தெற்கு இத்தாலியின் பெருமை. அதோடு கொன்தோர்னோ என்று கீரை, உருளைக்கிழங்கு, பச்சைக் காய்கறி தனித் தட்டில் வரும். குழம்பு மிச்சமிருந்தால் ரொட்டியால் வழித்துச் சாப்பிடுவார்கள். வீட்டில் யாரும் அதைக் குறையாக நினைப்பதில்லை.

இதில் நேப்பிள்ஸ் நகரத்து ஞாயிற்றுக்கிழமையைத் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே ராகூ வேறு மாதிரி. இறைச்சியைக் கொத்தாமல் பெரிய துண்டுகளாகவே தக்காளிச் சாற்றில் போட்டு, காலையிலிருந்து மணிக்கணக்காக மெல்லக் கொதிக்க விடுவார்கள். மதியம் அந்தச் சாறு மட்டும் பாஸ்தாவின் மேல் ஏறி ப்ரீமோ ஆகும். உள்ளே வெந்த இறைச்சித் துண்டுகள் தனியே எடுத்து வைக்கப்பட்டு, பாஸ்தா முடிந்ததும் செகோந்தோவாக வரும். ஒரே பாத்திரம், இரண்டு தட்டு. இரண்டையும் ஒன்றாகக் கலந்து கொட்டியிருந்தால் வேலை சுலபம். ஆனால் சாற்றின் ருசி தனி, இறைச்சியின் ருசி தனி என்று பிரித்துக் கொடுப்பதில்தான் அந்தச் சமையலின் அறிவு இருக்கிறது.

விதிவிலக்குகளும் உண்டு. மிலானில் ஓஸ்ஸோபூக்கோ என்ற எலும்பு மஜ்ஜையோடு கூடிய கன்றிறைச்சியை மஞ்சள் ரிசோத்தோவோடு ஒரே தட்டில் வைப்பார்கள். பீட்சா இந்த வரிசையில் சேரவே சேராது. அது தனியே ஒரு முழுச் சாப்பாடு, பெரும்பாலும் இரவில்.

செகோந்தோவுக்குப் பிறகு சீஸ் அல்லது பழம். பர்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸின் ஒரு வட்டு சுமார் 40 கிலோ எடை; அதற்கு ஏறத்தாழ 550 லிட்டர் பால் வேண்டும்; குறைந்தது 12 மாதம் முதிர வேண்டும். துருவித் தூவுவதற்கு மட்டும் அதைப் பயன்படுத்துவது நட்டம். கையால் உடைத்த கட்டியாக, பேரிக்காயோடு சாப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

இனிப்புகளில் உலகப் புகழ் பெற்ற திரமிசு அவ்வளவு பழையது அல்ல. த்ரெவீசோ ஊரின் ஒரு உணவகத்திலிருந்து 1970களில் பரவத் தொடங்கியது. சிசிலியின் கஸ்ஸாதாவுக்கும் நேப்பிள்ஸின் பல மடிப்பு இனிப்புகளுக்கும் வயது அதிகம். இனிப்பு முடிந்த பிறகுதான் காப்பி. அதுவும் சிறு கோப்பையில் பாலில்லாத எஸ்ப்ரெஸ்ஸோ. பால் நுரைத்த கப்புச்சினோ காலைக்கு உரியது. வயிறு நிறைந்த பிறகு பால் கனம் என்பது அவர்கள் நம்பிக்கை. கடைசியாக, செரிமானத்துக்கு என்று, மூலிகை ஊறிய கசப்பு மதுவான அமாரோ ஒரு மடக்கு.

இத்தாலியர்கள் தினமும் இப்படிச் சாப்பிடுகிறார்களா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. வேலை நாளில் ஒரு ப்ரீமோவோ ஒரு செகோந்தோவோ போதும். ஆனால் வரிசையை மறப்பதில்லை. அங்கே பள்ளிக்கூடச் சாப்பாட்டிலேயே குழந்தைகளுக்கு முதல் தட்டு, இரண்டாம் தட்டு, காய்கறி, பழம் என்றுதான் பரிமாறுகிறார்கள். 2025 டிசம்பரில் டெல்லியில் கூடிய யுனெஸ்கோ குழு இத்தாலியச் சமையலை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நம் தீபாவளி சேர்ந்ததும் அதே கூட்டத்தில்தான். உணவைவிட, கூடி உட்கார்ந்து உண்ணும் பழக்கத்துக்குக் கிடைத்த மரியாதையாகவே நான் அதைப் பார்க்கிறேன்.

உங்கள் வீட்டில் அடுத்த முறை பாஸ்தா செய்யும்போது ஒன்று செய்து பாருங்கள். ஆளுக்கு 80 கிராம், ஒரு நல்ல சாறு, அவ்வளவுதான். கோழியையும் காய்கறியையும் அதில் போடாதீர்கள். முதலில் பாஸ்தாவைத் தனியாகச் சூடாகச் சாப்பிட்டு முடியுங்கள். பிறகு தட்டை மாற்றி, கோழியையோ கத்தரிக்காயையோ, பக்கத்தில் கொஞ்சம் கீரையோடு பரிமாறுங்கள். கூடுதலாக ஆகும் செலவு, கழுவுவதற்கு இன்னொரு தட்டு.