ஹக் என்ற பெடியன்
(புத்தாண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஏ.எல். உடன் படிப்பை விட்டுத் தொழிற்சாலைக்குப் போனவன் நான். இலக்கியம் பேச வரவில்லை. இரவு வேலை இடைவேளையில் வாசித்த ஒரு பெடியனைப் பற்றிச் சொல்ல வந்தேன்.

அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைனின் ‘டாம் சாயர்’ நாவல் 1876இல் வந்தது. அதில் வருகிறவன் ஹக்கிள்பெரி ஃபின். தகப்பன் குடிகாரன். பள்ளிக்கூடம் இல்லை, மழை வந்தால் பீப்பாய்க்குள்ளை படுக்கை. ‘அவனோடை சேராதே’ என்று ஊர்த் தாய்மார் தடுப்பார்கள். டாம் களவாகப் போய்ச் சேருவான். ட்வைன் வளர்ந்த ஹனிபல் ஊரில் இப்படி ஒரு பெடியன் உண்மையாகவே இருந்தான்.

அடுத்த நாவலில் ஹக், தப்பி ஓடிய அடிமை ஜிம்மோடு மிசிசிப்பி ஆற்றில் தெப்பத்தில் போகிறான். காட்டிக்கொடுப்பதே புண்ணியம் என்று அவனுக்குப் படிப்பித்திருந்தார்கள். எசமானிக்குக் கடிதமும் எழுதிவிட்டான். பிறகு ஜிம்மின் அன்பை நினைக்கிறான். நரகத்துக்குப் போனாலும் போகட்டும் என்று கடிதத்தைக் கிழிக்கிறான். 1885இல் கொன்கோர்ட் நகர நூலகம் இந்தப் புத்தகத்தையே ஒதுக்கி வைத்தது.

நாங்களும் தப்பி ஓடி வந்தவர்கள்தான். யாரோ காட்டிக்கொடுக்காமல் விட்டதால் இங்கே நிற்கிறோம்.

ஊரிலை எனக்கும் அம்மா ஒரு பெடியனைக் காட்டி, ‘அவனோடை சேராதே’ எண்டவ. நான் சொல் கேட்டேன். அவன் இப்ப எங்கையோ, தெரியாது. எங்கட பிள்ளைகளுக்கு அதே சொல்லைச் சொல்ல முன்னம் ஒருக்கால் யோசிப்போம்.