தாபரிப்புப் பணம் பிச்சைக் காசன்று

(நிவித்திகலவில் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றியும் லயத்துக் கூரையைப் பற்றியும் பேசுவதற்கு நமது மேடைகளில் நேரம் போதுவதில்லை. கணவனால் கைவிடப்பட்ட பெண்ணைப் பற்றிப் பேச மட்டும் நமக்கு நாணம் வந்துவிடுகிறது. "அது வீட்டு விவகாரம்" என்று தள்ளிவிடுகிறோம். அடுப்பெரியாதது வீட்டு விவகாரமென்றால், அரைவயிற்றுச் சம்பளம் மட்டும் எவ்விதம் அரசியலாயிற்று?

இச்சுற்றுத் தோட்டங்களில் நடப்பதை நீங்கள் அறிவீர்கள். புருஷன் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போகிறான். அல்லது மாணிக்கக் குழியில் இறங்குகிறான். சில மாதம் பணம் வருகிறது. பிறகு, அவனுக்கு வேறொரு குடும்பம் உண்டென்ற செய்தி வருகிறது. தோட்டத்துப் பெரியவர்கள் கூடி, ஒரு தொகையை வாங்கிக் கொடுத்து, "இனி எவ்வித உரித்தும் இல்லை" என்ற கடதாசியில் அவளிடம் கைநாட்டு வாங்குகிறார்கள். அவர்களுடைய நல்லெண்ணத்தை நாம் ஐயுறவில்லை. ஆனால், பிள்ளைக்குச் சோறு போடும் கடமையைத் தாயின் கைநாட்டு தகப்பனிடமிருந்து நீக்கிவிடாது. உரிமை பிள்ளையுடையது. அதை விற்கத் தாய்க்கும் அதிகாரமில்லை. விலை பேசப் பெரியவர்களுக்கும் அதிகாரமில்லை.

இவ்வுரிமை புதியதன்று. 1889ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தாபரிப்புக் கட்டளைச் சட்டமே இதை வழங்கிற்று. 1948இல் நம்மை நாடற்றவராக்கியவர்கள்கூட இதில் கைவைக்கவில்லை. தாபரிப்புக் கேட்கப் பிரசாவுரிமைப் பத்திரம் வேண்டியிருக்கவில்லை. ஆயினும் அச்சட்டத்தில் குறைகள் இருந்தன. மணமாகாத தாயின் பிள்ளைக்காகப் பொதுவாகப் பிறந்து 12 மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். தாயின் சொல்லை வேறு சாட்சியம் உறுதிப்படுத்தவும் வேண்டும். 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம் அப்பழைய சட்டத்தை அகற்றியது.

இன்றைய சட்டம் "வாழ்க்கைத்துணை" என்கிறது. மனைவி என்று மட்டும் சொல்லவில்லை. ஆகவே, வசதியுள்ள மனைவி, தன்னைக் காக்க இயலாத கணவனுக்குக் கொடுக்க நேரிடலாம். (சிரிப்பு.) சிரிக்க வேண்டாம், பால்வெட்டிக் குடும்பத்தைத் தாங்கும் பெண்கள் இங்கே எத்தனை பேர்! தம்மைத் தாமே பராமரிக்க இயலாத 18 முதல் 25 வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் கேட்கலாம். உயர்தரம் படிக்கும் மகளை 18 வயதானவுடன் துணிக்கடைக்கு அனுப்ப எண்ணும் தாய் இதைக் கவனிக்கட்டும்.

குழியில் இறங்குபவனுக்குச் சம்பளச் சீட்டு இல்லையே என்பார்கள். சீட்டு இல்லையென்பதால் வருமானம் இல்லையென்றாகாது. உழைக்கும் வலுவுள்ளவனை வசதியற்றவன் என்று நீதிமன்றம் இலேசில் ஏற்காது. கட்டளைப்படி பணம் கட்டாதவன் மறியலுக்குப் போக நேரும். மாதச் சம்பளக்காரனாயின் சம்பளத்திலேயே பிடிக்கவும் வழியுண்டு.

பதிவில்லாத திருமணமென்று தயங்குவோரும் உளர். பதிவு மிகச் சிறந்த சான்று; ஒரே சான்றன்று. தாலி கட்டியதைக் கண்டவர்களின் வாக்குமூலமும், கணவன் மனைவியாக ஊரறிய வாழ்ந்ததும் கணக்கில் வரும்.

விவாகரத்தோ வேறு விஷயம். தாபரிப்பு நீதவான் நீதிமன்றத்துக்கு உரியது. விவாகரத்து மாவட்ட நீதிமன்றத்துக்கு உரியது. நம் தோட்ட மக்களுக்குத் தேசவழமையுமில்லை, கண்டிச் சட்டமுமில்லை, பொதுச் சட்டமே. அபாயம் இருப்பது இங்கேதான். விவாகரத்துத் தீர்ப்பு முடிந்தபின் அவள் வாழ்க்கைத்துணை அல்லள். தன் பேரில் நீதவானிடம் தாபரிப்புக் கேட்க இடமில்லை. தனக்குரியதை அந்த மாவட்ட நீதிமன்ற வழக்கிலேயே கேட்டுவிட வேண்டும். சிங்களத்தில் வந்த அழைப்பாணையைப் புரியாமல் கூரைத் தகரத்தில் செருகி வைத்தால், அவள் இல்லாமலே வழக்கு முடிந்துவிடும். பிள்ளையின் உரிமையை மட்டும் எந்த விவாகரத்தும் தொடாது.

கைச்செலவுக்குப் பயப்பட வேண்டாம். 1978ஆம் ஆண்டின் சட்டத்தினால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு வறியவர்களுக்காகவே இருக்கிறது. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், அது இல்லையேல் கலியாணப் படம், கணவன் வேலை செய்யுமிடத்தின் விலாசம் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். இரத்தினபுரிக்குப் போனால் அன்றைய பேர் போகும். ஒரு தவணையோடு வழக்கும் முடியாது. பல பெண்கள் பாதியில் விடுவது இதனாலேயே. அந்நாட்களில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும், நீதிமன்றத்துக்குத் துணையாகச் செல்லவும் ஒவ்வொரு தோட்டத்திலும் இரண்டு பெண்களையாவது மாதர் சங்கங்கள் இன்றே பெயர் குறிக்கட்டும்.