ஒரே தராசில் நிறுக்கலாமா?

(ஜூபிலி விழாவில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



ஜூபிலி என்பது நன்றி கூறும் காலம். குற்றத்தை ஒப்புக்கொள்ளும் காலமுங்கூட. எனவே நம் குற்றத்தையே முதலில் சொல்லிவிடுகிறோம்.

பல ஆண்டுகளுக்கு முன் நமது ஞானோபதேச வகுப்பில் ஒரு சிறுவன் இருந்தான். மூன்று மாதமாகியும் விசுவாசப் பிரமாணம் அவனுக்கு மனப்பாடமாகவில்லை. "இவன் மண்டையில் ஒன்றும் ஏறாது" என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லி, அவனைக் கடைசி வரிசைக்கு அனுப்பினோம். அவ்வாண்டு கிறிஸ்மஸ் இரவுப் பூசைக்குச் சற்று முன் மைக் நின்றுபோயிற்று. பெரியவர்கள் கையைப் பிசைந்து நின்றோம். அச்சிறுவனே பழுதைக் கண்டுபிடித்துச் சரிசெய்தான். மண்டையில் ஏறாதது அவனுக்கா, நமக்கா?

1905-ல் பாரிஸ் நகரில் ஆல்பிரட் பினே என்னும் அறிஞர், சீமோன் என்பவரோடு சேர்ந்து அறிவை அளக்கும் சோதனை ஒன்றை அமைத்தார். பள்ளியில் தனி உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறிவதே அதன் நோக்கம். ஒருவன் அறிவு மாறாத அளவுடையது என்று முடிவு கட்டுவதை அவரே கண்டித்தார். பின்வந்தவர்களோ அதை ஓர் எண்ணாக்கிப் பிள்ளையின் நெற்றியில் ஒட்டிவிட்டார்கள்.

1983-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹோவர்டு கார்ட்னர், அறிவு ஒன்றல்ல, ஏழு வகை என்று எழுதினார். மொழி, கணக்கு, இசை, வடிவங்களை மனத்தில் காணுதல், உடல்திறன், பிறர் மனமறிதல், தன்னை அறிதல் என்பன அவை. இயற்கையை அறியும் திறனைப் பின்னர் எட்டாவதாகச் சேர்த்தார். உளவியலார் பலர் இதை ஏற்பதில்லை. ஒன்றில் சிறந்தவர் மற்றவற்றிலும் ஓரளவு சிறப்பதையே சோதனைகள் காட்டுகின்றன என்பர். அவ்வழக்கை அறிஞர்கள் தீர்க்கட்டும். பள்ளித் தேர்வு ஒன்றே மனிதனின் முழு அளவு அன்று என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு.

கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜன் கணிதத்திலேயே மூழ்கி, மற்றப் பாடங்களில் தவறி, கல்லூரி உதவித்தொகையை இழந்தார். சென்னையில் எழுதிய எப்.ஏ. தேர்விலும் தேறவில்லை. அவரே 1918-ல் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். அவர் திறனைக் கண்டுகொண்ட கண்கள் சில இருந்தன. அக்கண்கள் நம் வீடுகளில் உண்டா?

யாத்திராகமத்தில் பெசலேல் என்னும் கைவினைஞனை இறைவன் தம் ஆவியால் நிரப்பினார். பொன்னிலும் மரத்திலும் வேலை செய்யும் ஞானமும் தேவ கொடையே. நம் ஊர்ப் பெயரிலேயே தட்டான் என்ற சொல் ஒலிக்கிறது. இங்குள்ள தொழிற்பேட்டையில் உழைப்போரின் விரல்களுக்கும் அறிவு உண்டு.

ஆனால் ஓர் எச்சரிக்கை. "தொழிலாளி மகனுக்குக் கைத்திறன் போதும், படிப்பு எதற்கு?" என்று இதைத் திருப்பிவிடாதீர்கள். அது பழைய அநீதிக்குப் புதுச் சட்டை. நாசரேத்துத் தச்சர் வீட்டுப் பிள்ளை தேவாலயத்தில் போதகர்கள் நடுவே அமர்ந்து கேள்வி கேட்கவில்லையா? எல்லாப் பிள்ளைகளும் படிக்க வேண்டும். பின்தங்குவோருக்கு வேறு வழியில் கற்பிக்க வேண்டும்.

தேர்வு முடிவு வரும் நாளில் சில வீடுகளில் அடுப்பு எரிவதில்லை. பெற்றோரே, அன்றும் பிள்ளையை அருகில் அழைத்துச் சோறு போடுங்கள். மதிப்பெண்ணைப் பிறகு பேசலாம். "மக்கு" என்ற சொல்லை இந்த ஜூபிலி ஆண்டோடு நம் பங்கிலிருந்து விலக்குவோம். அதை முதலில் விட வேண்டியவர்கள் நாமே.

இறைவன் உங்கள் பிள்ளைகளை ஆசீர்வதிப்பாராக.