கைத்திறனை அளக்கும் கணினி



பால்மரம் வெட்டுவோர் அறிந்த செய்தி ஒன்று உண்டு. கத்தி ஒன்றுதான், மரமும் ஒன்றுதான். ஆனால் கைகள் ஒன்றல்ல. கத்தி ஆழமாக இறங்கினால் மரத்தில் காயம் விழும். மேலோடு சென்றால் பால் குறையும். பட்டையைப் பார்த்தே, வெட்டியவரின் திறமையை மண்டோர் சொல்லிவிடுவார்.

அறுவை மருத்துவரின் கைத்திறனைப் பார்த்துச் சொல்பவர் யார்? நம் தாயோ பிள்ளையோ அறுவைக் கூடத்துக்குள் போகும்போது, நாம் கதவுக்கு வெளியேதானே நிற்கிறோம்!

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இதை ஆராய்ந்தார்கள். உடல் பருமனைக் குறைக்க இரைப்பையில் ஓர் அறுவை செய்வதுண்டு. வயிற்றில் சிறு துளைகள் இட்டு, கேமராவை உள்ளே செலுத்தி, திரையைப் பார்த்தவாறே மருத்துவர் வேலை செய்வார். அதனால் வீடியோ எடுப்பது எளிது. 20 மருத்துவர்கள் ஆளுக்கொரு வீடியோ கொடுத்தார்கள். அறுவை செய்தவர் யாரென்று அறியாத சக மருத்துவர்கள், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 10 பேர், பார்த்து மதிப்பெண் இட்டார்கள்.

முடிவு 2013-இல் வெளிவந்தது. மதிப்பெண்ணில் முன்வரிசையில் இருந்தவர்களிடம் அறுவை செய்துகொண்ட 100 நோயாளிகளில் ஏறத்தாழ 5 பேருக்கே பின்னர்க் கோளாறுகள் ஏற்பட்டன. கடைசி வரிசையினரிடமோ 14 பேருக்கு மேல்! கைத்திறன் உயிரோடு தொடர்புடையது என்பது இதனால் விளங்குகிறது அல்லவா?

ஆனால், ஓய்வில்லாத மருத்துவர்கள் எத்தனை வீடியோக்களைத்தான் பார்ப்பார்கள்? இங்கேதான் கணினி வருகிறது. மதிப்பெண் இட்ட வீடியோக்கள் பலவற்றைக் கணினிக்குக் காட்டுகிறார்கள். கருவியின் நுனி எவ்வளவு தூரம் அலைகிறது, எங்கே தயங்குகிறது, எத்தனை முறை திரும்புகிறது என்பதையெல்லாம் அது கணக்கிடுகிறது. எந்த அசைவுக்கு எந்த மதிப்பெண் என்று தானே கற்றுக்கொள்கிறது. பழகிய கை வீணாக அலையாது என்பது அதற்கும் புரிந்துவிடுகிறது.

2014-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார், 8 மருத்துவர்கள் இயந்திரக் கரங்களைக் கொண்டு தைத்தும் முடிச்சிட்டும் பழகிய பதிவுகளை ஆராய்ச்சியாளர்களுக்கு வழங்கினார்கள். பலரும் அவற்றைக் கொண்டே கணினியைப் பழக்கினார்கள்.

எனினும் 8 பேரின் கைகளைக் கண்ட கணினி, உலகத்துக் கைகளையெல்லாம் கண்டதாகுமா? பாடத்தை மனப்பாடம் செய்த மாணவன், கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டால் விழிப்பான். கணினியும் அப்படியே. வெளிச்சம் மாறினாலும், நோயாளியின் உடல் வேறுபட்டாலும் தவறலாம். தவறான மதிப்பெண்களைக் காட்டினால் தவறாகவே கற்கும். ஆகவே அதன் சொல்லை மட்டும் நம்பி ஒருவரைத் தேர்ந்தவர் என்றோ, தேறாதவர் என்றோ முடிவு கட்டலாகாது. அனுபவமுள்ள ஆசிரியர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

நான் மாணவர் ஏட்டில் சிவப்பு மையால் திருத்துவது அவர்களை வெட்கப்படுத்த அன்று. அடுத்த முறை சரியாக எழுதத்தான். பயிலும் மருத்துவருக்கும் கணினி அவ்வாறே துணைநிற்க வேண்டும்.

பெற்றோர்களே, திறமை பிறவியிலேயே வருவதன்று. பழகப் பழக, பிழையைத் திருத்தத் திருத்த வருவது. மருத்துவராகவோ தாதியாகவோ விரும்பும் உங்கள் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.